குழி என்று முடியும் அனைத்தும்

செந்தாழை நாட்டில் ஏட்டில் இருப்பதுதான் உண்டு, மற்றது இல்லை. நாட்டுக்கே ஒரே ஏடு. எல்லா ஊர் எழுத்தர்களும் அதில்தான் எழுதுவார்கள். வெள்ளிதோறும் அதன் நகல் ஊர் ஊராகப் போகும். கிறுக்கலும் மைக்கறையும் அதில் ஏறாமலிருக்க, முதல் பக்கத்தில் ஓர் ஒதுக்குப் பட்டியல் இருந்தது; அதில் குறித்தது எதுவும் ஏட்டில் இருக்கக் கூடாது. எந்த எழுத்தரும் அதில் ஒரு வரி சேர்க்கலாம். யாரும் படித்துப் பார்ப்பதில்லை.

சாலைக் குழிகளைப் பற்றிப் புகார் பெருகியபோது, அமைச்சர் பேரொளி அதில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: “குழி என்று முடியும் அனைத்தும்.” பழைய பக்கங்களிலும் தேடித் தேடி அடித்தார்கள். அடுத்த வெள்ளியன்று நாட்டில் ஒரு குழிகூட இல்லை. அதற்கு எடுத்த விழாவில் பட்டத்து யானை, இல்லாத குழி ஒன்றில் விழுந்தது.

ஆலங்குழி என்ற ஊரும் கூடவே போய்விட்டது. இல்லாத ஊருக்குத் தண்ணீர் எதற்கு என்று மதகைப் பூட்டினார்கள். அரண்மனை எழுத்தர் இளவெயினிக்கு அதுதான் பிறந்த ஊர். நாற்று கருகுகிறது என்று அண்ணன் சொல்லி அனுப்பியதும் அமைச்சரிடம் ஓடினாள்.

“ஐயா, எங்க ஊர மட்டுமாவது விட்டுடச் சொல்லுங்க.”

“எந்த ஊர் அம்மா?”

“ஆலங்குழி.”

அமைச்சர் ஏட்டைப் பொறுமையாகப் புரட்டினார். “அப்படி ஓர் ஊர் இல்லையே. இல்லாத ஊருக்கு விலக்கு அளித்தால், இருக்கிற ஊர்கள் வருந்தாதா?”

அன்று மாலையே புதுச் சட்டம் வந்தது: ஏட்டில் இல்லாதவர்களுக்காக மனுக் கொடுப்பது குற்றம்.

இளவெயினி பட்டியலில் ஒரு வரி சேர்த்தாள்: “சர் என்று முடியும் அனைத்தும்.” அமைச்சரை நினைத்துத்தான் எழுதினாள். அரசரும் அதில் சிக்குவார் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

வெள்ளியன்று காவலன் இருவரையும் வாசலிலேயே நிறுத்தினான். “அப்படி யாரும் ஏட்டுல இல்லீங்க,” என்றான் பணிவாக. அரண்மனை வழக்கம்போல் நடந்தது.

வேறு போக்கிடம் இல்லாமல் இருவரும் ஆலங்குழிக்குப் போனார்கள். மறுவாரம் இளவெயினி ஊருக்கு வந்தபோது, வண்டி மேல் நின்று ஏட்டில் இல்லாதவர்களின் உரிமையைப் பற்றிப் பேரொளி பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அரசர் தலையாட்டிக்கொண்டிருந்தார். ஊரே கை தட்டியது.

“நம்மள அழிச்சவருக்கா அண்ணா தட்டுற?”

அண்ணன் தட்டுவதை நிறுத்தவில்லை. “நாம இருக்கோம்னு இதுவரைக்கும் வந்து சொன்னவரு அவரு ஒருத்தர்தானே, தங்கச்சி.”