பெட்டிக்குள் போன பைபிள்

ஜெயதாஸ் மாமா வாழ்க்கையில் முதல் தடவையாகத் தானே வீடியோ கால் போட்டிருந்தார். அதுவும் முந்தாநாள் அடக்கம் செய்த மனைவிக்கு.

"ஆனந்தபாயிக்க படம் தெரிஞ்சுது மக்கா. அதை அமுக்கினேன்."

"மாமிக்க போன் எங்க உண்டு?" என்று கேட்டாள் சுமி.

"அவளுக்க பைபிள் கவறுக்குள்ள. பைபிளைத்தான் பெட்டியில அவகூட வச்சாச்சே."

காரோடு ஊர்ச் சபைப் பெண்கள் எல்லாரும் அப்படித்தான். ஜிப் வைத்த பைபிள் கவருக்குள் கண்ணாடி, காணிக்கை, போன் என்று ஒரு குடித்தனமே நடத்துவார்கள். பெட்டியை மூடும் அழுகையில் ஜிப்பைத் திறந்து பார்க்க யாருக்குத் தோன்றும்?

சுமி பஞ்சாயத்தில் பெரியவர்களுக்குப் போன் பழக்கும் டிஜிட்டல் வகுப்பு நடத்துபவள். "துபாயில இருக்க மவ லேகாவுக்க முகத்தை இவரு பாக்கணும். படிப்பிச்சு விடு மோளே" என்று ஆனந்தபாய் சாகக்கிடந்தபோது அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். அதற்காக வந்த இடத்தில் இந்தக் கூத்து.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு யாரோ எடுத்தார்கள்.

திரை முழுக்க இருட்டு. உள்ளே மூச்சு வாங்கும் சத்தம் மட்டும்.

சுமி சட்டென்று காலைக் கட் செய்து, நம்பரையே அழித்தாள். உடனே அங்கிருந்து கால் வந்தது. இப்போது படமில்லை, பெயரில்லை, வெறும் நம்பர். அது இன்னும் மோசமாக இருந்தது.

"எடு மக்கா. அவ சத்தத்தை ஒருக்கா கேக்கட்டு" என்று கெஞ்சினார் மாமா.

சுமி போனைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் புதைத்தாள். பானை உறுமத் தொடங்கியது.

அந்நேரம் பார்த்துக் கதவை யாரோ தட்டினார்கள்.

பக்கத்து வீட்டுச் செல்லபாய் மாமி. காதில் ஆனந்தபாயின் போன், கக்கத்தில் ஆனந்தபாயின் பைபிள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே போல கவறு. பெட்டியில வச்சது எனக்க பைபிளாக்கும். கண்ணாடியும் அதுக்குள்ள போச்சு, ஆரு விளிக்கான்னு தெரியல்ல. அறியாத காலுன்னா முதல்ல வாயைத் திறந்து மிண்டப்பிடாதுன்னு நீதானே பிள்ளே படிப்பிச்ச? காதில வச்சுக்கிட்டு மிண்டாம இருந்தேன். கட்டானதும் திருப்பி விளிச்சேன்."

திரையில் கண்ட இருட்டு மாமியின் காது. சுமிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாமாவின் முகம்தான் வாடிப்போனது.

"அப்போ அது அவ இல்லியா" என்றார்.

பாவமாக இருந்தது. பேச்சை மாற்றுவதற்காக, "அப்போ மாமி, உங்களுக்க போன்?" என்று கேட்டாள் சுமி.

"அது குழிக்குள்ளதான் பிள்ளே. வாறதுக்கு முன்ன அதுக்கும் ஒருக்கா அடிச்சுப் பாத்தேன்." மாமி குரலைத் தாழ்த்தினாள். "எடுத்தவ கேட்டா, 'அவரு வீடியோ கால் படிச்சாச்சா'ன்னு."