சத்தியமா நான் வேலைக்காரிதானுங்க

பொய் சொல்லி மாட்டிக்கொண்டவர்களுக்காக நான் பரிதாபப்பட மாட்டேன். செய்தார்கள், பட்டார்கள். உண்மையைச் சொல்லி மாட்டிக்கொண்டவர்களைப் பற்றித்தான் யாரும் எழுதுவதில்லை. ஆகவே நானே எழுதுகிறேன். இத்தனை வருடமாகியும் எனக்குக் கோபம் ஆறவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்தோம். அப்பா ஒரு நாள் வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். திருப்பூரில் பனியனுக்குப் பிசிறு வெட்டினேன். பெங்களூரில் கார்மெண்ட்ஸில் பட்டன் வைத்தேன். சேலத்தில் கொலுசுப் பட்டறையில் மணி கோத்தேன். ஓரிடத்தில் கொஞ்ச காலம் நின்றால் எனக்குக் கால் அரிக்கும், கிளம்பிவிடுவேன். பஸ் ஸ்டாண்டில் தூங்கியிருக்கிறேன். கூப்பிடாத கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து பாயசம் இரண்டாம் தடவை கேட்டிருக்கிறேன். எதற்கும் நான் கூசியதில்லை. என்னைக் கூச வைத்தது ஒன்றுதான்: ஏற்காட்டில் ஒரு கிறிஸ்துமஸ் சமயத்தில் என்னைப் பணக்காரி என்று நினைத்துவிட்டார்கள்.

நான் அங்கே ஒரு பங்களாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொந்தக்கார அம்மாள் சென்னையில் இருந்தார். மே மாதம் மட்டும் வருவார். சன்னல்களைத் திறந்து மூடுவது, மெத்தையில் பூஞ்சணம் பிடிக்காமல் வெயில் காட்டுவது, நாய்க்குச் சோறு வைப்பது, இதெல்லாம் என் வேலை. சமையலறைக்குப் பின்னால் எனக்கு ஓர் அறை. கயிற்றுக் கட்டில், தகரப்பெட்டி, சன்னல் கிடையாது. எனக்கென்று உள்ளே தாழ்ப்பாள் இருந்த முதல் அறை என்பதால் எனக்கு அது போதும்.

சகாயம் ஜீப் ஓட்டுபவர். சுற்றுலா வருகிறவர்களை லேடீஸ் சீட்டுக்கும் சேர்வராயன் கோயிலுக்கும் கூட்டிப் போவார். (இப்போது 'ர்' போட்டு எழுதுகிறேன். அப்போது 'ன்'தான்.) ஒரு நாள் பங்களாவுக்கு கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தார். நான் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். உதவிக்கு வராமல் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அங்கே ஆரம்பித்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் சவாரி இல்லாவிட்டாலும் ஜீப் அந்தப் பக்கமே வந்தது.

அவருக்கு ஓர் அத்தை. பிலோமினா அத்தை. அப்பாவின் அக்கா, கல்யாணம் செய்துகொள்ளாதவர். பெண் பிள்ளைகள் தங்கும் ஒரு விடுதியில் மேட்ரனாக இருந்து ஓய்வு பெற்றவர். சகாயத்தின் அப்பா எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். ஊரில் எல்லாரையும் வேலை வாங்குவார், வீட்டில் அக்காவைக் கேட்டுத்தான் மீனா கோழியா என்று முடிவு செய்வார். அத்தைக்கு ஓய்வு பெற்ற பிறகு ஒரே பொழுதுபோக்கு, செல்போனில் வரும் காதல் தொடர்கதைகள்.

அவற்றை நானும் படிப்பேன் (இலவசமாக வரும் அத்தியாயங்களை மட்டும்). எல்லாம் ஒரே கதைதான். லீவுக்கு மலைக்கு வருவார்கள். பனிமூட்டம் வரும். வண்டி நின்றுவிடும். இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களும் கூடிப் பேசி, பையனையும் பெண்ணையும் ஏதாவது ஓர் அறையில் வைத்துக் கதவைச் சாத்துவார்கள். கடைசியில் பார்த்தால், தோட்ட வேலை செய்துகொண்டிருந்தவர்தான் அந்த எஸ்டேட்டுக்கே வாரிசாக இருப்பார். இதை எழுதுகிறவர்களில் ஒருவர்கூட டிசம்பர் மாதம் மலையில் துணி துவைத்திருக்க மாட்டார். துவைத்திருந்தால் அந்த வாரிசு இரண்டாம் அத்தியாயத்திலேயே உண்மையைச் சொல்லிவிட்டு வெந்நீர் கேட்டிருப்பார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் சகாயம் அத்தையை ஜீப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். நான் அப்போது சொந்தக்கார அம்மாள் கொடுத்த பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நாயை அதட்டிக்கொண்டிருந்தேன். அந்த நாய்க்கு இங்கிலீஷ்தான் புரியும். "சிட்! ஸ்டே! நோ பார்க்கிங்!" என்றேன். (எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.)

"ஏங்கண்ணு, நீ இங்க என்ன பண்றே?" என்றார் அத்தை.

"வேலை பார்க்கறேனுங்க."

"என்ன வேலை?"

"கூட்டறது, தொடைக்கறதுங்க."

அத்தை ஸ்வெட்டரைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். பங்களாவின் ஓட்டுக் கூரையைப் பார்த்தார். பிறகு, "ஓ... அப்படிங்களா!" என்று இழுத்தார். அந்த 'ங்களா'வை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். வரும்போது 'கண்ணு' என்று கூப்பிட்டவர், கிளம்பும்போது "வர்றோமுங்க அம்மிணி" என்றார்.

கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு அழைத்தார்கள். பிரியாணியை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

"பார்த்தீங்களா, சங்கோஜமே இல்ல. பெரிய ஊட்டுப் புள்ளைங்க இப்படித்தான் இருக்கும்" என்றார் அத்தை, சுற்றியிருந்த சொந்தக்காரர்களிடம். பிறகு என் கையைப் பிடித்துத் தடவிப் பார்த்தார். "கை நொம்ப காய்ச்சிருக்குது. ரோஜாச் செடி வைக்கற பழக்கமுங்களா?"

"பாத்திரம் தேய்க்கறதுங்க."

அத்தை சிரித்தார். "முந்தி எங்க இருந்தீங்க?"

"பெங்களூருங்க."

"படிக்கறதுக்குங்களா?"

"இல்லீங்க, கார்மெண்ட்ஸ்."

"அட! சொந்தக் கம்பெனிங்களா?"

நான் எழுந்து நின்றுவிட்டேன். எல்லாருக்கும் கேட்கும்படி, "அத்தை, நான் வேலைக்காரிங்க. பேரு ஸ்டெல்லா, எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன், அப்பா அம்மா இல்ல. அந்தப் பங்களாவுல ஒரு செங்கல்கூட எனக்குச் சொந்தமில்ல. சத்தியமா நான் வேலைக்காரிதானுங்க" என்றேன்.

அத்தை என் தோளை அழுத்தி உட்கார வைத்தார். "நான் ஹாஸ்டல் மேட்ரனுங்க அம்மிணி. காய்ச்சல்னு சொல்லிட்டு சினிமாவுக்குப் போன புள்ளைங்களை எல்லாம் கண்ணைப் பார்த்தே புடிச்சிருக்கேன். எங்கிட்ட பொய் செல்லாது. ஆனா நீங்க சொல்லுங்க, பரவால்ல. உங்க இஷ்டம்."

சகாயத்தின் அம்மா மட்டும் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு என் தட்டில் இன்னொரு துண்டு கோழி வைத்தார்.

வெளியே வந்ததும் சகாயத்தைப் பிடித்துக்கொண்டேன். "நான் சிலிண்டர் தூக்கினதைப் பார்த்தவன்தானே நீ? ஏன் வாயைத் திறக்கலே?"

"நீதான் உண்மையைச் சொல்லிட்டியே. நான் வேற எதுக்கு?"

"யாரும் நம்பலையே!"

"அது அத்தை தப்பு. நம்ம மேல என்ன தப்பு இருக்குது?"

இவரை அப்போதே விட்டுவிட்டுக் கிளம்பியிருக்கலாம். ஆனால் எனக்கு அவர் வேண்டியிருந்தார். முதல் தடவையாக எனக்குக் கால் அரிக்கவில்லை. அத்தையோ அவருக்குச் சேலத்தில் ஒரு டீச்சர் பெண்ணைப் பார்த்து வைத்திருந்தார்; இப்போது எனக்காக அந்தப் பேச்சை நிறுத்தியிருந்தார். நான் வேலைக்காரி என்பது உறைத்தால் மறுபடி டீச்சர். உறைக்காமல் கல்யாணம் ஆனால், உறைக்கிற அன்றைக்கு நான் மோசக்காரி. இரண்டிலும் சகாயம் எனக்கில்லை.

மறுநாளே அத்தை தகவல் அனுப்பினார்: "சனிக்கிழமை ஊடு பார்க்க வர்றோம்."

எங்கள் பக்கத்தில் கல்யாணம் பேசினால், ஒரு வீட்டார் இன்னொரு வீட்டை ஒரு நடை பார்த்துவிட்டு வருவார்கள். அதற்குப் பெயர்தான் ஊடு பார்ப்பது. எனக்குத்தான் ஊடே இல்லையே! போன் செய்து அதையும் சொன்னேன். "தெரியுமுங்க அம்மிணி. நாங்களும் ஒண்ணும் தெரியாத மாதிரியே வர்றோம்" என்றார் அத்தை, ரகசியக் குரலில்.

சரி, கண்ணால் பார்த்தாலாவது நம்புவார்கள் என்று ஒரு முடிவுக்கு வந்தேன். சனிக்கிழமை ஜீப் வந்து நின்றது. அத்தை, சகாயத்தின் அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி, அவர்களுடைய இரண்டு பெண்கள், அத்தையின் சிநேகிதி ஒருவர். பட்டுச் சேலைகள். தட்டில் பழம், பிளம் கேக், மல்லிகைப்பூ. நான் முன்கதவின் பூட்டைத் தொடவே இல்லை. எல்லாரையும் வீட்டைச் சுற்றி நடத்தி, சாக்கடை தாண்டி, என் அறைக்குள் கூட்டிக்கொண்டு போனேன்.

"இதுதானுங்க என் ஊடு. பார்த்துக்குங்க."

அத்தை உள்ளே ஒரு பார்வை பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. "எவ்வளவு அடக்கம்!" என்றார். பிறகு மற்றவர்களிடம் திரும்பி, "சோதிக்கறாங்க. யாரும் மூஞ்சியச் சுளிக்கக் கூடாது. உள்ள வாங்க எல்லாரும்!" என்று உத்தரவிட்டார்.

அத்தனை பேரும் உள்ளே வந்தார்கள். இரண்டு பேர் படுத்தால் மூன்றாமவர் நிற்க வேண்டிய அறை அது. அத்தை பட்டுச் சேலையோடு சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து, "ஜில்லுனு நல்லாருக்குதுங்க" என்றார். சித்தப்பா கட்டிலில் உட்கார, கயிறு தரையைத் தொட்டது. சித்தி என் தகரப்பெட்டியைத் தடவி, "வேலைப்பாடு எவ்வளவு நல்லாருக்குது" என்றார். ரைட்டர் மட்டும் உள்ளே இடமில்லாமல் வாசலில் நின்று, பாதி உடம்பால் ஊடு பார்த்தார்.

அப்போது கேட்டில் கார் சத்தம்.

சொந்தக்கார அம்மாள்! புத்தாண்டுக்குத் திடீரென்று கிளம்பி வந்துவிட்டார். எனக்குப் பலமுறை போன் செய்தாராம். முந்தின நாள் காற்றில் கரண்ட் போய் என் போன் செத்துக் கிடந்தது. வந்தவர் கண்ணில் பட்டது, வாசலில் ஒரு ஜீப்பும் தன் வீட்டின் பின்பக்கத்திலிருந்து ஒவ்வொருவராக வெளியே வரும் பட்டுச் சேலைகளும்.

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை ஓடிப்போய் கேக் தட்டை அவர் கையில் திணித்துவிட்டார். "வாங்க சம்பந்தியம்மா!"

"யாரு நீங்கள்லாம்?"

"ஊடு பார்க்க வந்தோமுங்க."

"வீடு பார்க்கவா?" சென்னைக்காரருக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான் தெரியும். முகம் சிவந்துவிட்டது. "ஸ்டெல்லா! நான் இல்லாத நேரத்துல என் வீட்டை விலை பேசறியா?"

"அம்மா, அது இல்லைங்கம்மா..."

"விலையெல்லாம் வேண்டாமுங்க" என்று அத்தை இடையில் புகுந்தார். "ஊடு, நகைநட்டு, எதுவும் நாங்க எதிர்பார்க்கலீங்க. உங்க பொண்ணை மட்டும் குடுங்க, போதும்."

"எந்தப் பொண்ணு? எனக்குப் பொண்ணே கிடையாது!"

அத்தை ஒரு நிமிடம் அசையவில்லை. அப்பாடா, உறைத்துவிட்டது, என்று நினைத்தேன். அத்தை மெதுவாகத் தன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"கேட்டீங்களா? காதலிச்ச பாவத்துக்குப் பெத்த பொண்ணையே இல்லைங்கறாங்க!"

"அத்தை, அவங்க என்னைப் பெக்கலீங்க!" என்று கத்தினேன்.

"பாருங்க, இதுவும் பதிலுக்குக் கோவத்துல பேசுது" என்றார் அத்தை.

சொந்தக்கார அம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. "உன் பெட்டியை எடுத்துட்டு இப்பவே வெளிய போ" என்றார். இந்த ஒரு வாக்கியத்தால் என் வேலையும் போயிற்று, தாழ்ப்பாள் போட்ட அறையும் போயிற்று, உண்மையை நிரூபிக்க மிச்சமிருந்த வாய்ப்பும் போயிற்று. ஏனென்றால் அத்தை படித்த கதைகளில் இருபதாம் அத்தியாயத்தில் எல்லா அம்மாக்களும் இதைத்தான் சொல்வார்கள்.

"பெட்டியோட தொரத்தறீங்களா? தொரத்துங்க. நாங்க இருக்கோமுங்க!" என்று அத்தை என் கையைப் பிடித்துத் தரதரவென்று ஜீப்புக்கு இழுத்தார். கேக் தட்டு அந்த அம்மாள் கையிலேயே இருந்தது.

ஜீப்பில் எனக்கு இடமில்லை. அத்தை மடியில் நான், என் மடியில் தகரப்பெட்டி. வளைவுக்கு வளைவு, "நான் வேலைக்காரிங்க, நான் வேலைக்காரிங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். சித்தப்பா மெல்ல, "அக்கா, அந்தம்மா நெசத்தைத்தான் சொல்றாங்களோ?" என்று ஆரம்பித்தார். இவ்வளவு நாள் நான் கேட்டது இந்த வார்த்தையைத்தான். வந்த பிறகு, டீச்சர் பெண்தான் என் கண்முன் நின்றாள்.

சகாயத்தின் அம்மா முன்சீட்டிலிருந்து திரும்பினார். "எனக்கு வேலைக்காரின்னு அன்னிக்கே தெரியும். எத்தனை தடவ கேட்டாலும் ஒண்ணையே சொல்லுது. வேற என்ன வேணும்? மாமா, கல்யாணத்துக்கு நாள் குறிக்கச் சொல்லி பாதர்கிட்ட சொல்லிருங்க." ரைட்டர் அக்காவைப் பார்த்தார். அக்கா தலையை ஆட்டினார். ரைட்டரும் ஆட்டினார். சகாயம் ஹாரன் அடித்தார். (எதிரில் வண்டி ஒன்றும் வரவில்லை.)

ஊடு பார்க்கப் போனவர்கள் பெண்ணையே பெட்டியோடு தூக்கிக்கொண்டு வந்த கதையை அந்தக் குடும்பத்தில் இன்றைக்கும் ஞானஸ்நானம், காது குத்து என்று எதையும் விடாமல் சொல்கிறார்கள். என் பெயர் பங்களா அம்மிணி. கரண்ட் பில் வந்தால் "பங்களாவுக்கு அனுப்பிருங்க" என்பார் சித்தப்பா. நாங்கள் இருப்பது மழைக்கு ஒழுகும் வாடகை வீடு. ஒரு கிறிஸ்துமஸ் அன்று கூரையிலிருந்து சொட்டிய தண்ணீர் அத்தையின் தட்டில் விழுந்தது. அத்தை தட்டைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டு, "உங்கம்மா மனசு ஒரு நாள் மாறுமுங்க அம்மிணி" என்றார்.

அதற்காக அவர் வருடா வருடம் அந்தப் பங்களாவின் காவல்காரரிடம் ஒரு பிளம் கேக் கொடுத்து, "பொண்ணு நல்லாருக்குதுன்னு சம்பந்தியம்மாகிட்டச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பிவந்தார். நான் தடுக்கவில்லை, எத்தனை வருடத்துக்குத்தான் ஒருவர் தடுப்பார்? அந்த அம்மாள் பதிலே அனுப்பியதில்லை. அது ஒன்றுதான் என் பக்கத்துச் சாட்சி.

போன கிறிஸ்துமஸுக்குக் காவல்காரர் எங்கள் வீடு தேடி வந்தார். கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை. "அம்மா குடுக்கச் சொன்னாங்க. 'பொண்ணுக்கு'ன்னு சொல்லச் சொன்னாங்க" என்றார்.

அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். சகாயம் ஜீப்புக்குப் பின்னால் போய் நின்று சிரித்தார். நான் பையைத் திறந்து பார்த்தேன். மயில் கழுத்து நிறத்தில், அரக்கு பார்டர் போட்ட சேலை.

எனக்கு நன்றாகப் பொருந்துகிறது. அதுதான் இன்னும் கோபம்.