பதின்மூன்று படிகளும் பேய் எறும்புகளும்

அன்புள்ள கீழ்வீட்டுப் பெரியப்பாவுக்கு,

பதின்மூன்று படிகளுக்கு மேலிருந்து எழுதிக்கொள்வது. நாங்கள் நலம், தலைக்கு மேல் நாங்கள் நடக்கும் சத்தத்திலிருந்தே அது உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் நலம் தும்மலிலிருந்து எங்களுக்குத் தெரிகிறது.

நீங்களும் அப்பாவும் பேசாமல் இன்றோடு பன்னிரண்டு நாள். "உங்க வீட்டு எறும்புதான்டா என் காப்பில மிதக்குது" என்று நீங்கள் சொன்னதும், "எறும்பு என்ன, முதுகுல விலாசம் எழுதிட்டா வருது?" என்று அப்பா கேட்டதும், நீங்கள் இருவரும் நடுப்படியில் உட்கார்ந்து ஆடும் செஸ் பெட்டி அன்றிலிருந்து அங்கே மூடியே கிடப்பதும், மோட்டாரைப் போடச் சொல்லு, நிறுத்தச் சொல்லு என்று நான் ஒரே நாளில் ஒன்பது முறை ஏறி இறங்கியதும் என்னைப் படிக்க விடவில்லை. எறும்பாவது தனக்காக ஓடுகிறது. ஆகவே அதன்மேல் விலாசம் எழுதிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

நூலகப் புத்தகத்தில் இவற்றுக்குப் பேய் எறும்பு என்று பெயர். எள்ளைவிடச் சிறியவை. தலை கறுப்பு, வயிறும் காலும் பால் நிறம். வெள்ளைத் தரையில் தலை மட்டும் தனியாக ஓடுவதுபோல் இருக்கும். நேராக ஓடவும் தெரியாது, நிற்கவும் தெரியாது. நசுக்கினால் கெட்டுப்போன தேங்காய் வாடை வரும் (ஒன்றைத்தான் நசுக்கினேன், அதுவும் தெரியாமல்). ஆனால் குடித்த தண்ணீரின் நிறம் வயிற்றில் அப்படியே தெரியும். அதனால் எங்கள் சமையலறையில் நீலச் சர்க்கரைத் தண்ணீரும், பெரியம்மா கண்ணயர்ந்த நேரத்தில் உங்கள் சமையலறையில் சிவப்பும் வைத்தேன், மன்னிக்கவும், மறுநாள் பார்த்தால் உங்கள் டம்ளரில் நீல வயிறு, எங்கள் ரொட்டியில் சிவப்பு வயிறு, வழியில் ஒன்றையொன்று முட்டி நலம் விசாரித்துக்கொண்டு போகின்றன, பின்னாலேயே தவழ்ந்து போனேன், இரண்டு வரிசையும் செஸ் பெட்டிக்குள் நுழைந்தன.

முதலில் எங்கிருந்து வந்தனவோ, இப்போது குடியிருப்பது அந்தப் பெட்டிக்குள்தான். ஒரே கூட்டில் பல ராணிகள் இருந்தாலும் சண்டை வராதாம். கூட்டைக் கலைத்தால் உடனே காலி செய்துவிடுமாம். ஆகவே தினமும் பெட்டியைத் திறந்து ஆடினால் போதும். அப்பா முதலில் வரமாட்டார். நீங்கள் மூத்தவர், ஞாயிற்றுக்கிழமை லேசாக இருமிக்கொண்டு ஆறு படி ஏறுங்கள்.

பெரியம்மாவுக்கு என் வணக்கம். உங்கள் முழங்கால் வலி ஆறு படிக்காவது பொறுத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
மேலும் கீழும் செய்தி சுமக்கும் மகள்

பி.கு.: இதை உங்கள் கதவடியில் தள்ள இறங்கி வந்தேன். நடுப்படியில் நீங்களும் அப்பாவும் உட்கார்ந்து செஸ் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தீர்கள். "இவதான்டா கிண்ணம் கிண்ணமா வச்சு வளர்க்கிறா" என்றீர்கள். "அதாண்ணே, இனி சர்க்கரை டப்பாவையே இவ கண்ணுல காட்டக்கூடாது" என்றார் அப்பா. பன்னிரண்டு நாளில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் நான். எனவே மேலே உள்ளதைப் படிக்கத் தேவையில்லை. கூட்டைக் கலைத்தால் காலி செய்யும் என்றது மட்டும் சரி. இப்போது என் புத்தகப் பையில் இருக்கின்றன.