மடி ரூம் சுவிட்ச்

திருத்தணி,
ஆவணி மாதம், 2005.

நங்கநல்லூர் அத்திம்பேர் அவர்களின் பாதங்களுக்கு, மலைக்கோயில் மடப்பள்ளி சுப்பு அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் சுவாமி க்ஷேமம், மடப்பள்ளி க்ஷேமம், என் ஆத்துக்காரி ஜம்பகத்தின் கணுக்கால் பாதி க்ஷேமம். அவ்விடம் அக்காவும் தாங்களும் முழு க்ஷேமமாக இருக்க வேண்டுகிறேன். இந்தக் கடிதத்தைத் தாங்கள் அனுப்பிய கம்ப்யூட்டரிலேயே ஒற்றை விரலால் தட்டி அனுப்புகிறேன். ஆகையால் பிழைகளில் பாதிப் பொறுப்பு தங்களுடையது.

தங்கள் ஆபீசில் கழித்துவிட்ட கம்ப்யூட்டர்தான் என்றாலும், அதில் ஜாதகப் பொருத்தம் பார்க்கும் சமாசாரத்தை ஏற்றி அனுப்பியது நம் வித்யாலக்ஷ்மியின் கல்யாணத்தை உத்தேசித்துத்தான் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதைக் கூடத்தில் வைத்தோமோ இல்லையோ, வித்யா டைப்பிங் வேலை எடுத்துப் பண்ண ஆரம்பித்தாள், தெருவில் இருக்கிறவாளெல்லாம் வந்து தொட ஆரம்பித்தா. மத்தியானம் மலையிலேர்ந்து இறங்கி, யார் மேலயும் படாம, மடி கலையாம உட்கார்ந்து, சாயங்கால நைவேத்தியத்துக்குத் திரும்ப மலையேறுகிற நான் அதை எப்படித் தொடறது? அப்போ வித்யா ஒரு யோசனை சொன்னா. "கம்ப்யூட்டர் ஒண்ணாவே இருக்கட்டும்ப்பா. பூஜை ரூம்ல உங்களுக்குன்னு தனியா டிவி மாதிரி ஒண்ணும், கீபோர்டும், மௌசும் வெச்சு ஒயர் இழுத்துட்டாப் போறும்" என்றாள்.

ஒயர் இழுக்க வந்தவன் ராஜீவ். கே.ஜி.கண்டிகை முனியனோட பிள்ளை. அப்பன் கரும்பு வெட்டப் போறவன், இவன் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல கம்ப்யூட்டர் கடை வெச்சிண்டிருக்கான். அவனைப் பூஜை ரூமுக்குள்ள விட முடியுமோ? ஜன்னலுக்கு வெளில நிக்க வெச்சேன். "அந்த ஊதா முனைய எடுங்க சாமி... ஆங், அத்த அப்டியே சொருவுங்க" என்று அவன் வெயிலில் நின்னு சொல்லச் சொல்ல நானே சொருகினேன். அப்புறம்தான் பெரிய சந்தேகம் வந்தது. ஒயர் கூடத்துலேர்ந்து வரது. தீட்டும் அது வழியா வருமா வராதா? மலைமேல நாலு பேரைக் கேட்டேன், எட்டு பதில் வந்தது. கடைசில, கிரகணத்துக்கு ஊறுகாய் ஜாடிமேல தர்ப்பை போடறோமில்லையா, அதே கணக்குல ஒயர் சுவத்தைத் தாண்டற இடத்துல தர்ப்பையைச் சுத்திக் கட்டிட்டேன்.

தீட்டு நின்னுது, வித்யா நிக்கலை! ரெண்டு ரூம்லயும் ஒரே படம்தான் தெரியும்னு யாருமே எனக்குச் சொல்லலை. நான் ரஜ்ஜுப் பொருத்தம் பார்க்க மௌஸ் அம்பை இந்தப் பக்கம் தள்ளினா, அது அவ இழுத்த இழுப்புக்கு அந்தப் பக்கம் ஓடறது. நான் தட்டின ரோகிணி நட்சத்திரம் அவ தட்டிண்டிருந்த சிமெண்ட் மூட்டைக் கணக்குல போய் விழுந்து, கடைக்காரர் ரோகிணி யாருன்னு ஆள் விட்டுக் கேட்டார். மறுபடி ராஜீவைக் கூப்பிட்டோம். அவன் ஜன்னல் வழியா ஒரு சுவிட்சை நீட்டினான். போட்டா சிவப்பு லைட் எரியும். "இத்த போட்டுகினா கம்ப்யூட்டர் உங்களுது சாமி. கூடத்துல ஒண்ணுமே தெரியாது" என்றான். அன்னிலேர்ந்து அம்பு சாதுவாயிடுத்து.

இப்போ விஷயத்துக்கு வரேன். தாங்கள் பார்த்துச் சொன்ன காஞ்சிபுரத்து வரன், பெங்களூர்ல வேலை பார்க்கிற ஹரீஷ், கம்ப்யூட்டர்லயே வந்து பேசுவான்னு சொன்னேளே, வந்துட்டான். ஒரு நாள் மத்தியானம் சுவிட்சைப் போட்டேன், திரையில தட்டித் தட்டிப் பேசற பெட்டி ஒண்ணு தானா திறந்து கிடந்தது. "யாரு, மாப்பிள்ளையா? நான் வித்யாவோட அப்பா"ன்னு தட்டினேன். அந்தப் பக்கம் தட்டறான்னு பெட்டியில காட்டறது, நின்னுடறது, மறுபடி காட்டறது. பயபக்தியோட எழுந்து நின்னிருப்பான் போல. அப்புறம், "வணக்கம் சாமி. உங்க வாயால மாப்பிள்ளைன்னு சொல்லிட்டீங்க, போதுங்க"ன்னு வந்தது. என்ன அடக்கம்! மாமனாரை சாமின்னு கூப்பிடற பிள்ளை இந்தக் காலத்துல உண்டோ? பெங்களூர் போய்ப் பாஷைதான் கொஞ்சம் கெட்டிருக்கு. அதைக் கல்யாணத்துக்கப்புறம் திருத்திக்கலாம்.

தினமும் பேசறோம். என் புளியோதரையைப் பத்தி இந்த ஆத்துல யாராவது ஒரு வார்த்தை கேட்டதுண்டா? அவன் கேட்கறான். போன மாசம் ஜம்பகம் கொல்லைப்புறத்துல வழுக்கி விழுந்தா. வித்யா கடைத்தெருவுக்குப் போயிருந்தா. ஓடிப்போய் சுவிட்சைப் போட்டேன். அவன்கிட்ட தட்டினேன். "பயப்படாதீங்க சாமி, வந்துகினே இருக்கேன்"னான். பெங்களூர்லேர்ந்து எப்படி வருவான்னு நான் முழிச்சிண்டிருக்கேன், வாசல்ல ராஜீவ் ஆட்டோவோட நிக்கறான்! அரக்கோணம் கூட்டிண்டு போய், எக்ஸ்ரே எடுத்து, கட்டுப் போட்டு, சாயங்காலம் கொண்டுவந்து விட்டான். பெங்களூர்ல உட்கார்ந்துண்டே திருத்தணியில ஆளை ஏவறான்னா ஹரீஷுக்கு என்ன சாமர்த்தியம் பாருங்கோ! சொல்லப்போனா எனக்கு அன்னிக்குக் கண்ணுல ஜலம் வந்துடுத்து.

ஆனா அந்த ராஜீவ் விஷயத்துல ஜாக்கிரதையா இருக்கணும். அடிக்கடி வரான். வித்யா அவன் வந்தா வாசல் பக்கம் ஏதாவது வேலை வெச்சுக்கறா. ஜம்பகம் முன்னெல்லாம் அவனுக்குத் தனி டம்ளர்ல காபி குடுப்பா, இப்போ வெள்ளி டம்ளர்ல குடுக்கறா. வலியில புத்தி பிசகிடுத்து. அவன் ஒரு தங்கமான பையன். அத்திம்பேர், நான் 'தங்கமான பையன்'னு அடிக்கவே இல்லை! 'தடிப்பயல்'னுதான் அடிச்சேன். என் கண்ணெதிரே அது அழிஞ்சு இது விழறது. திரும்ப அடிக்கறேன்: அவன் ஒரு தங்கமான பையன். சரி, விடுங்கோ. எங்க ஊர் வோல்டேஜ் அப்படி.

என் வயித்தெரிச்சல் என்னன்னா, காஞ்சிபுரத்துக்குப் போன் பண்ணி முகூர்த்தம் பார்க்கலாமான்னு கேட்டா, ஹரீஷோட தோப்பனார், "எங்க பையன் உங்களோட ஒரு வார்த்தை பேசினதில்லையே"ங்கறார். என்ன புளுகு! சீர் ஏத்திக் கேட்கறதுக்கு இது ஒரு வழி. ஆடிக் கிருத்திகை அன்னிக்கு அத்தனை காவடிக்கு நடுவுல, சுவாமி சன்னதியில கற்பூரத்தை அணைச்சு சத்தியம் பண்ணியிருக்கேன். "என்னோட கம்ப்யூட்டர்ல பேசற அந்தப் பிள்ளைக்குத்தான் என் பொண்ணு. தவறினா மடப்பள்ளியில கரண்டி தொட மாட்டேன்"னு. முப்பது வருஷமா அந்தக் கரண்டிதான் அத்திம்பேர் என் உசுரு. அந்தப் பிள்ளையை விட எனக்கு மனசு வரலை. நீங்க உடனே காஞ்சிபுரம் போய் நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டு முடிச்சு வெக்கணும். மலைக்கு நாழியாச்சு, கிளம்பறேன். திரும்பி வந்து அனுப்பறேன்.

அக்காவுக்கு என் நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். வள்ளி மணாளன் எல்லாரையும் காப்பாத்தட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன் சுப்பு

பி.கு: அத்திம்பேருக்கு நமஸ்காரம். நான் வித்யா, கூடத்துக் கீபோர்டுலேர்ந்து. அப்பா மலையேறிட்டார். அந்தச் சுவிட்சுக்கு எந்த ஒயரும் கிடையாது, உள்ளே ஒரு பேட்டரியும் லைட்டும்தான். சிவப்பு எரிஞ்சா நான் கையை எடுத்துடுவேன், அவ்வளவுதான். (தடிப்பயலை மட்டும் பொறுக்க முடியலை.) அப்பா தினமும் பேசறது ராஜீவோட. அது நான் அவரோட பேசத் திறந்து வெச்சிருந்த பெட்டி. தன்னை ஹரீஷ்னு அவர் ஒரு தடவைகூடச் சொல்லலை, அப்பா ஒரு தடவைகூடப் பேரைக் கேட்கலை. காஞ்சிபுரம் மாமா சொன்னது நிஜம், அவரைத் திட்டாதேங்கோ. அப்பா கற்பூரம் அணைச்சப்போ பின்னாடி காவடியோட நின்னு அழுதது ராஜீவ்தான். அப்பா சத்தியம் தவறினதில்லைன்னு உங்களுக்கே தெரியும். நீங்கதான் அவருக்குப் பக்குவமா எடுத்துச் சொல்லணும். கடிதத்தை நானே இப்போ அனுப்பிடறேன்.

பி.கு.வுக்குப் பி.கு: நான் ஜம்பகம், மடி ரூம்லேர்ந்து தட்டறேன். அந்தப் பிள்ளை ராஜீவ்தான்னு எனக்கு எக்ஸ்ரே அன்னிக்கே தெரியும். நாத்தனாரைக் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாடியே அனுப்பி வையுங்கோ. அவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லுங்கோ, அந்தச் சுவிட்சைப் பத்தி மட்டும் சொல்லாதேங்கோ. அது எரிஞ்சாத்தான் அவருக்கு மடி.