பெல்மதுளைக்கு மேலே ஏழு நிமிடம்

"ஏழு நிமிசமா?" வேலுசாமி நம்பவில்லை. "பஸ்ஸுல நாலு மணி நேரமாகுதே, சார்."

"அது பஸ் ஐயா, இது பிளேன்," என்றார் இளங்குமரன். யாழ்ப்பாணத்திலிருந்து பெல்மதுளைத் தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு வந்த கணித ஆசிரியர். "மெல்பனுக்கு எட்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர். பத்தரை மணித்தியாலம். கட்டுநாயக்கா ஏர்போட்டில இருந்து இஞ்சை நூறு கிலோமீட்டர். ஏழு நிமிசம் காணும்."

"அவிசாவளையில டீ குடிக்கக்கூட நிக்காதா?"

வேலுசாமியின் மகள் தனுஜா நர்ஸ் வேலைக்கு மெல்பன் போகிறாள். காலை பத்து மணி விமானம். ஏஜென்சி வேனில் அப்பாவுக்கு இடமில்லை. விமானம் அவர்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்கு மேலாகத்தான் போகும் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். ஜன்னல் சீட்டு. அவள் ஒருமுறை கீழே பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

இறந்துபோன மனைவியின் சிவப்புக் கூறைச்சீலையை வேலுசாமி தகரக் கூரையில் விரித்தார்.

"அம்மா சீலைய புள்ள கண்டுபிடிச்சிரும்."

"ஒத்தச் சீலை அவ்வளவு ஒசரத்துக்குத் தெரியாதுண்ணே," என்று அடுத்த வீட்டு ஜெயம்மா தன் சீலைகள் ஆறையும் கொண்டுவந்தாள். அதைப் பார்த்து லயமே கொண்டுவந்தது. தப்படிக்கும் ஐயாவு மேளத்தோடு வந்தார்.

"தப்பு எதுக்குய்யா? மேல கேக்குமா?" என்றார் வேலுசாமி.

"கேக்காட்டி என்ன? புள்ளைய சும்மாவா அனுப்புறது?"

சரியாகப் பத்து ஏழுக்கு ஒரு விமானம் போனது. எல்லோரும் கத்தினார்கள். வேலுசாமி கைபேசியில் படம் பிடித்தார். பாதியில் சார்ஜ் தீர்ந்தது.

"போயிட்டாள்," என்றார் இளங்குமரன்.

"அது ரொம்ப வேகமாப் போச்சு, சார். நம்ம புள்ள நாப்பது கிலோ பெட்டி வச்சிருக்கு."

எதற்கும் பஸ் கணக்குப்படி இரண்டு மணிவரை ஒன்றையும் விடக்கூடாது என்று முடிவு செய்தார்.

பதினொன்றுக்கு இன்னொன்று போனது. தப்புச் சத்தம் கேட்டு, கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் மலையிலிருந்து இறங்கிவிட்டார்கள். பின்னாலேயே கணக்கப்பிள்ளை இந்திரகுமார் ஓடி வந்தார்.

"கொழுந்து வாடுது! யாரு உங்கள எறங்கச் சொன்னா?"

"தனுஜா போகுதுங்க."

"எங்க?" அவரும் அண்ணாந்து பார்த்தார். அடுத்த விமானம் வந்தது. குடையை விரித்து ஆட்டினார். "அந்தப் புள்ள விண்ணப்பத்துல சைன் வச்சதே நான்தான்!"

மணி இரண்டு. ஐந்து விமானங்கள் போயிருந்தன. எல்லோருக்கும் கை கடுத்தது. கொழுந்து நிறுக்காமல் கிடந்தது. வேலுசாமி மட்டும் கூரைமேல் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழே ரோட்டில் பஸ் நின்றது. பெட்டியை இழுத்துக்கொண்டு தனுஜா ஏறி வந்தாள். தப்பு நின்றது.

"பிளேன் நாளைக்குத்தானாம்ப்பா. பத்து மணிக்கே சொல்லிட்டாங்க. எத்தன தடவ போன் எடுத்தேன்!" கூரையைப் பார்த்தாள். "அம்மா சீலை எதுக்கு அங்க?"

 வேலுசாமிக்குச் சிரிப்பு வந்தது.

இளங்குமரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"ஐயா, உங்கட கணக்குத்தான் சரி," என்றார். "நாலு மணித்தியாலம்."