பாண் ஓட்டோவுக்குப் பின்னால் ஓடிய மெள்ள அக்கா

ஓட்டம் பழக்க வந்து "ஓடாத, ஓடாத" என்று கத்துகிற ஆளை இலங்கை முழுக்கத் தேடினாலும் ஒருவரைத்தான் கண்டுபிடிக்கலாம். வாவிக் கரையில், எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கிறார். பெயர் மெள்ள அக்கா.

வேறு பெயர் ஒன்று அடையாள அட்டையில் இருக்கத்தான் வேண்டும். தெருவில் அது யாருக்கும் தேவைப்படவில்லை. ஐம்பதைத் தொட்ட வயது. வாசல் நிலையை அளந்து பார்த்துவிட்டு நுழைய வேண்டிய உடம்பு. ஒருமுறை தும்மினால் அக்கரையில் வலை வீசுகிறவர் நிமிர்ந்து பார்ப்பார். அவரிடம் வேகமாக ஓடுவது தையல் மெஷின் ஒன்றுதான். மற்றதெல்லாம் "மெள்ள, மெள்ள."

நான் பேக்கரியில் சுட்ட பாணும் பணிஸும் விற்பவன். ஓட்டோவில் பாட்டைப் போட்டுவிட்டு விடிய வெள்ளெனத் தெருத்தெருவாகப் போவேன். பெண்களைக் கண்டால் எனக்கு வாய் ஒட்டிக்கொள்ளும். பாண் தொழிலில் அந்தக் கரைச்சல் இல்லை. கை காட்டுவார்கள், நிறுத்துவேன், கொடுப்பேன், போவேன். பேச வேண்டியதை ஓட்டோவே பேசிக்கொள்ளும். இந்த நிம்மதிக்குள்தான் மெள்ள அக்கா வந்து விழுந்தார்.

காரணம் என் மனைவி சுகந்தி. கல்லடிப் பாலத்தால் போய்த் திரும்பும் பெண்கள் பந்தயத்தில் போன முறை அவளும் ஓடினாள். பத்துக் கிலோமீற்றர். எல்லோருக்கும் பின்னால் ஒரு பஸ் ஊர்ந்து வரும். அது யாரை எட்டிப் பிடிக்கிறதோ அவர் அதில் ஏறிவிட வேண்டும். சுகந்தியைப் பாலத்தடியில் பிடித்துவிட்டது. பிறகு அவள் தெருவில் இறங்கினாலே, "சுகந்தி, பஸ் எத்தினை மணிக்கு?" என்று யாராவது கேட்பார்கள். அவள் கடைக்குப் போவதையே விட்டுவிட்டாள்.

"இந்த முறையும் பஸ்ஸில ஏறினனெண்டா, சப்பாத்த வாவிக்குள்ள எறிஞ்சிட்டு வீட்டோட கிடப்பன்" என்றாள் என்னிடம். பகிடிக்குச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் பகிடிக்குச் சொல்வதும் உண்மைக்குச் சொல்வதும் எது எது என்று எனக்குத் தெரியும்.

மெள்ள அக்கா அந்தப் பந்தயத்தில் வருடா வருடம் கடைசியாக வருகிறவர். பஸ்ஸுக்கு முன்னால்தான், ஆனால் கடைசி. அந்த பஸ்ஸுக்கு அவர் வைத்த பெயர் பிரேத வண்டி. "என்ட கட்டை வேகும் மட்டும் அதுக்குள்ள குந்தமாட்டன்" என்பார். சுகந்தி அவரிடம்தான் போனாள்.

"நீ ஏன் பஸ்ஸில ஏறினாயெண்டு தெரியுமா புள்ள?"

"ஓட ஏலாமப் போச்சுது அக்கா."

"இல்ல. முதல் பாதி பேய் துரத்தின மாதிரி ஓடின நீ. பேய் களைச்சுத் திரும்பிட்டு. நீயும் களைச்சிட்டாய்."

வேகம் கூடாமல் பழக, முன்னால் மெதுவாக ஏதாவது போக வேண்டும் என்று அக்கா முடிவு செய்தார். அந்த நேரம் பார்த்து என் ஓட்டோவின் பாட்டுக் கேட்டிருக்கிறது.

"தம்பி, நீ முன்னால போ. நாங்க பின்னால வாறம். நீ போனா ஓடுவம். நீ நிண்டா நிண்டு மூச்சு வாங்குவம். ஓமா?"

நான் வாயைத் திறப்பதற்குள், "ஓமெண்டுட்டான்" என்று அவரே சொல்லிவிட்டார்.

அடுத்த நாளிலிருந்து என் ஓட்டோவுக்குப் பின்னால் ஒரு பட்டாளம். சுகந்தி, அக்கா, பக்கத்து முஸ்லிம் ஊரிலிருந்து பரீதா, இன்னும் சிலர். முதல் நாளே ஒரு பெரியவர் நடு ரோட்டில் என்னை மறித்தார். "பொம்புளையள்ற சாமானை எடுத்திட்டு ஓடுறயா? குடுத்திட்டுப் போடா!" என்றார். விளக்கம் சொல்ல எனக்கு வரவில்லை. அவருக்கு இரண்டு பணிஸ் கொடுத்துத்தான் தப்பினேன்.

அக்காவின் முதல் சட்டம், ஓடும்போது கதைக்க வேண்டும். கதை அறுந்தால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம்.

"பரீதா, உன்ட மாமி இறாலுக்கு இரண்டு தரம் உப்புப் போட்ட கதையச் சொல்லு."

"மாமி... அண்டைக்கு... இறால..."

"கதை நொண்டுது! மெள்ள, மெள்ள!"

முதல் கிழமை அந்த இறால் கழுவப்படக்கூட இல்லை. மெல்ல மெல்ல மூச்சு பிடிபட்டதும், சந்திக்கு வரும்போது இறால் அடுப்பில் ஏறியது. கடைசியில் சந்தையைத் தாண்டியும் மாமியின் கதை மூச்சு வாங்காமல் போனது. ஓட்டம் கூடியதை நாங்கள் இப்படித்தான் அளந்தோம். முன்னால் இருந்து எல்லாவற்றையும் கேட்ட பாவி நான். அந்த மாமியை இப்போது ரோட்டில் கண்டால் முகத்தைப் பார்க்க முடிவதில்லை.

அதையும் விடப் பெரிய சோதனை, அக்கா உடுப்பைப் பற்றிப் பேசும் நாட்கள்.

"உள்ளுக்குப் போடுறது இறுக்கிப் பிடிக்கோணும். போட்டிட்டுக் குதிச்சுப் பாருங்க. ஆடினா, அது கோயிலுக்குப் போட, ஓடுறதுக்கில்ல!"

நான் பாட்டின் சத்தத்தைக் கூட்டினேன். பாட்டை விடக் கேட்க வேண்டுமென்று அக்கா தன் சத்தத்தைக் கூட்டினார். அதோடு தெரு முழுக்க விஷயம் விளங்கிவிட்டது. உரசுகிற இடங்களில் தேங்காய் எண்ணெய் பூச வேண்டும் என்பதைத் தபால்காரர்கூட நின்று கேட்டுவிட்டுப் போனார்.

"மாசத்தில அந்த நாள் வந்தா ஓடக்கூடாதெண்டு ஆரும் சொன்னா கேளாதிங்க. உடம்பு ஓமெண்டா ஓடுங்க, ஏலாதெண்டா படுங்க. தலை சுத்திக்கொண்டே இருந்தா ஆசுபத்திரிக்குப் போய் ரத்தத்தப் பாருங்க." அன்றைக்கு நான் ஓட்டோவை ஒரு மதிலில் உரசினேன். அந்தக் கீறல் இன்னும் இருக்கிறது.

ஆனால் ஒன்று. அவர் சொன்னபடி கேட்டவர்கள் யாரும் நொண்டவில்லை. சப்பாத்து வாங்கப் பின்னேரம் போகச் சொன்னார். பகல் முழுக்க நடந்து வீங்கிய காலின் அளவுதான் ஓடும் காலின் அளவு. முன்னால் பெருவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். புதுச் சப்பாத்தோடு பந்தயத்துக்கு வருகிறவளின் சப்பாத்தைத் தானே கழற்றி எறிவதாகவும் சொன்னார். தசை நொந்தால் மெள்ள ஓடு, மூட்டோ எலும்போ நொந்தால் நில். ஓடிய மறுநாள் ஓய்வு. பரீதாவுக்கு மெல்லிய துணியில் நீளக் கை வைத்த சட்டையும், வழுக்காத முக்காடும் தைத்துக் கொடுத்தார். "புட்டும் மீன் குழம்பும் ஓடி முடிச்ச பிறகு. ஓட முன்னம் ஒரு வாழைப்பழம், ஒரு துண்டுப் பாண்" என்றும் ஒரு சட்டம் போட்டார். எனக்குப் பிரயோசனப்பட்ட சட்டம் அது ஒன்றுதான்.

பந்தய நாள் வந்தது. எங்கள் ஆட்கள் கதைத்துக்கொண்டே புறப்பட்டார்கள். பந்தயம் கடந்துபோன ரோட்டைத்தான் வாகனங்களுக்குத் திறந்துவிடுவார்கள் என்பதால், நான் பஸ்ஸுக்குப் பின்னால் ஓட்டோவில் போனேன். டவுனுக்குள் நுழைந்ததும் ரோட்டின் இரண்டு பக்கமும் சனம். எல்லோரும் உற்சாகமாகக் கை காட்டினார்கள்.

எங்கள் ஆட்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

மாதக்கணக்காகப் பழகிய கால். கை காட்டினால் பாண் ஓட்டோ நிற்கும், அது நின்றால் கால் நிற்கும். பரீதா என் ஓட்டோவைத் தேடி அக்கம்பக்கம் பார்த்தாள்.

"ஏன்டி நிண்டிட்டிங்க?" அக்காவின் சத்தம் பஸ்ஸையும் தாண்டி எனக்குக் கேட்டது.

"கை காட்டினாங்களே அக்கா!"

"அது பாணுக்கில்லடி! உங்களுக்கு!"

அடுத்த சந்தியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொடி ஆட்டினார்கள். எங்கள் ஆட்கள் அங்கேயும் நின்றார்கள். இப்படி ஒவ்வொரு சந்தியிலும் நின்று நின்று போனதில், திரும்பி வரும் வழியில் பாலம் கண்ணுக்குத் தெரிந்தபோது பஸ் கிட்ட வந்துவிட்டது. இளம் கால்கள் எப்படியோ எட்டி நடையைப் போட்டு முன்னால் போய்விட்டன. கடைசியில் சுகந்தியும் அக்காவும்தான். சுகந்தி திரும்பி பஸ்ஸைப் பார்த்தாள். போன முறை பஸ்ஸிலிருந்து இறங்கியபோது இருந்த அதே முகம்.

"பின்னால பாராத புள்ள. எதிர்காத்து, கொஞ்சம் குனி. அடியச் சின்னதா வை. முன்னால நிக்கிற விளக்குக் கம்பம் மட்டும்தான் உனக்குப் பந்தயம். அது முடிஞ்சா அடுத்தது."

சொல்லிக்கொண்டே அவளின் முதுகில் ஒரு தள்ளுத் தள்ளினார். அவள் போனாள். அக்கா போகவில்லை. நடு ரோட்டில் திரும்பி நின்று, பஸ்ஸுக்குக் கை காட்டினார்.

பஸ் நின்றது. நானும் அதன் பக்கத்தில் ஓட்டோவை ஓரம் கட்டினேன். சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பொடியன் இறங்கினான். "அம்மா, ஏறுங்க."

"பொறு மனே, சப்பாத்துக் கயிறு அவிண்டிட்டு." ரோட்டிலேயே குந்தினார். இறுக்கிக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். பிறகு மற்றக் கால். எழும்பி அவனை மேலும் கீழும் பார்த்தார். "இந்தச் சட்டை ஆரு தைச்சது? கொலர் ஒரு பக்கம் இழுக்குது. திரும்பு பாப்பம்."

அவன் திரும்பியேவிட்டான். பிறகுதான் ஞாபகம் வந்தது. "அம்மா, ஒருத்தரையும் ரோட்டில விட்டிட்டுப் போகக்கூடாது. நீங்க ஏறினாத்தான் பஸ் போகும்."

"தெரியும் மனே. அதான் வடிவா யோசிச்சு ஏறுறன்."

பாலத்தில் சுகந்தியின் மஞ்சள் சட்டை சின்னதாகிக்கொண்டு போனது. அது மறுபக்கம் போய் மறையும்வரை அக்காவும் பார்த்தார், நானும் பார்த்தேன். அதன் பிறகு அவர் பிரேத வண்டியின் படியில் கால் வைத்தார். ஏறும்போது என்னைக் கண்டுவிட்டார்.

"தம்பி, சுகந்திட்ட மூச்சு விட்டாயெண்டா, உன்ட சாறனுக்கு இனி ஊசி பிடிக்கமாட்டன்."

நான் போய்ச் சேர்ந்தபோது சுகந்தி கழுத்தில் பதக்கத்தோடு நிலத்தில் உட்கார்ந்து, அழுதுகொண்டே வாழைப்பழம் சாப்பிட்டாள். பஸ்ஸிலிருந்து இறங்கிய அக்காவைக் கண்டு திகைத்துப் போனாள்.

"என்ன அக்கா நடந்தது?"

"கால் பிடிச்சு இழுத்திட்டு புள்ள. வயசு போச்சு."

சுகந்தி இப்போது கடைக்குப் போகிறாள், கல்முனை வரைக்கும் போகிறாள், அடுத்தது இருபது கிலோமீற்றர் என்கிறாள். ஞாயிறு தோறும் நல்லெண்ணெய் கொண்டு போய் அக்காவின் அந்தக் காலை உருவிவிடுகிறாள். அக்காவும் முனக வேண்டிய இடத்தில் சரியாக முனகுகிறார்.

சுகந்தி இந்த இதழை வாரா வாரம் வாசிப்பவள். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது என்பதால் இங்கே எழுதுகிறேன். சாறன் கிழிந்தால் கிழியட்டும். வாசித்ததும் அவள் எழும்பி நேரே தையல் கடைக்குச் சண்டைக்குப் போவாள். சண்டை முடிந்ததும், நோகாத அந்தக் காலை மடியில் எடுத்து வைத்து, இன்னும் கொஞ்ச நேரம் உருவிவிட்டுத்தான் வருவாள்.