முழுகாத மிஸ்ஸி

படிப்பு தலைக்கு ஏறுவதில் தப்பில்லை. எனக்கு அது தலைக்கு மேலேயும் ஏறி, கஞ்சி போட்ட வெள்ளைத் தொப்பியாக உட்கார்ந்துகொண்டது. அந்தத் தொப்பியைப் பார்த்தாலே நோயாளிக்குப் பாதி நோய் தீர்ந்துவிடும் என்று நான் மனதார நம்பிய காலம் ஒன்று உண்டு. (சிரிக்க வேண்டாம். மேல் பாதியோ கீழ்ப் பாதியோ, ஏதோ ஒரு பாதி.)

மலாயாவில் அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. கெர்லிங் ஊரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு, மூன்று வருடப் பயிற்சி முடித்த நர்ஸ் என்று என்னை லோரியில் ஏற்றி அனுப்பினார்கள். வயது இருபத்து மூன்று. தாய் தகப்பன் இல்லாமல் நான்கு வயதிலிருந்தே கிள்ளானில் ஒரு மிஷன் விடுதியில் வளர்ந்தவள் நான். அங்கே தமிழ் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும். ஆகையால் ஜெபத் தமிழ் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், மனிதர்கள் பேசும் தமிழ்தான் தகராறு.

தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி. காட்டுக்குள் ஒளிந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் அரிசியோ மருந்தோ கொண்டுபோய்விடக் கூடாது என்று கேட்டில் சோதனை. பெண்களைத் தடவிப் பார்ப்பதற்கென்றே ஒரு பெண்ணை அங்கே நிறுத்தியிருந்தார்கள். மாலை ஆறு மணிக்கு ஊரடங்கு. அதற்குள் பால்மரம் வெட்டிப் பால் எடுத்து, குளித்து, சமைத்து, நோயையும் காட்டிவிட்டுப் போக வேண்டும் ஜனங்கள்.

நர்சுக்கு அங்கே 'மிஸ்ஸி' என்று பெயர். நான் போன முதல் நாளே, "மிஸ்ஸி!" என்று ஒரு குரல் கேட்டது. பெருமையாகத் திரும்பினேன். கூப்பிட்டவர் என்னைத் தாண்டிப் போய், தரை துடைத்துக்கொண்டிருந்த ஒருத்தியிடம் கையை நீட்டி, "புண்ணு ஆறிருச்சு பாருங்க" என்றார்.

அவள்தான் காளியம்மா. அவளுக்கும் என் வயதுதான். அந்தத் தோட்டத்திலேயே பிறந்து, பதினான்கு வயதில் ஆஸ்பத்திரியைப் பெருக்க வந்தவள். மருந்து கொடுக்கும் டிரஸர் ஐயா அவளுக்குக் கட்டுப் போடவும் ஊசி போடவும் சொல்லிக்கொடுத்திருந்தார். சான்றிதழ் கிடையாது. புட்டிகளை நிறத்தையும் வாசனையையும் வைத்து அடையாளம் கண்டுகொள்வாள்.

"நீ யாருகிட்ட ட்ரெய்னிங் எடுத்த?" என்று கேட்டேன்.

"டிரஸர் ஐயாகிட்டங்க. மிச்சம் நோயாளிங்ககிட்ட."

திமிர் என்று எடுத்துக்கொண்டேன். இரண்டாவது வாரமே சட்டம் போட்டேன்: இனிமேல் நான் மட்டும்தான் மிஸ்ஸி, காளியம்மா வெறும் ஆயா. இதை ஆங்கிலத்தில் அழகாக எழுதிச் சுவரில் ஒட்டியும் வைத்தேன். (அம்மை குத்தும் அறிவிப்பு என்று நினைத்து நாலைந்து பேர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்து நின்றார்கள்.) என் மேசைக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்த முக்காலியையும் எடுத்துவிட்டு, பின்பக்கம் படுக்கை விரிப்புகளைத் துவைக்க அனுப்பினேன். அவள் "சரிங்க மிஸ்ஸி" என்று போய்விட்டாள். டிரஸர் ஐயா இரண்டு பொம்பளைகளுக்கு நடுவில் தலையை விடமாட்டேன் என்று பேப்பருக்குள் முகத்தை விட்டுக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து, மூக்காயி என்ற அம்மாள் தன் மருமகள் செல்லம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பெண் வெளுத்துப் போயிருந்தாள். சாப்பாடு பிடிக்கவில்லை, தலைசுற்றல், குமட்டல். என் பாடப் புத்தகத்தில் கொக்கிப்புழு பாடத்துக்குப் படம் வரைய அவளைத்தான் உட்கார வைத்திருப்பார்கள் என்று தோன்றியது.

மூக்காயி குரலைத் தாழ்த்தி, "முழுகாம இருக்காங்க" என்றார்.

"எத்தன நாளா?"

"மூணு மாசமா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மூணு மாசமாவா! வீட்டுல யாரும் ஒண்ணும் கேக்கலையா?"

"கேக்காம? லயமே கேட்டுச்சு. அஞ்சு வருசமா இதுக்குத்தானங்க காத்துக்கிட்டு இருந்தோம்."

"இவ புருசன் என்ன சொல்றாரு?"

"அவன் சந்தோசத்துல தரையில நிக்க மாட்டேங்கிறான்."

என்ன குடும்பம் இது என்று நினைத்துக்கொண்டேன். செல்லம்மாவைப் பார்த்து, "உனக்கு வெட்கமாயில்ல?" என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்து, "வெக்கமாத்தாங்க இருக்கு" என்று சிரித்தாள்.

சுத்தம் பற்றி அரைமணி நேரம் பிரசங்கம் செய்தேன். ஒரு கார்பாலிக் சோப்பையும், பூச்சி மருந்தும் பேதி மருந்தும் கலந்த ஒரு புட்டியையும் கையில் கொடுத்து, "இதக் குடிச்சிட்டு இன்னிக்கே முழுகணும்" என்று கண்டிப்பாகச் சொன்னேன். மூக்காயியின் முகம் கறுத்தது. மருமகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். கண்டிப்பு வேலை செய்கிறது என்று தொப்பியைச் சரிசெய்துகொண்டேன்.

நாலு மணிக்கு வெளியே ஒரே கூச்சல். கும்பல் சேர்ந்தாலே போலீஸ் வரும் காலம் அது. காட்டுக்காரர்கள்தான் வந்துவிட்டார்கள் என்று முடிவுசெய்து, கண்ணில் பட்ட பெரிய கூடைக்குள் இறங்கித் துணியை மேலே போட்டுக்கொண்டேன். (மூன்று வருடப் பயிற்சியில் இதற்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்கவில்லை.)

காளியம்மா ஈரக் கையோடு வந்து துணியைத் தூக்கினாள்.

"மிஸ்ஸி, வெளிய வாங்க. இது சீக்குக்காரங்க துணி போடுற கூடை."

"யார் அது வெளிய?"

"லயத்துப் பொம்பளைங்க. செல்லம்மாவ முழுகச் சொன்னீங்களா?"

"மூணு மாசமா குளிக்காம இருந்தா வேற என்ன சொல்றது?"

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "முழுகாம இருக்கான்னா மாசமா இருக்கான்னு அர்த்தங்க. தீட்டு நின்னுருச்சு, தலைக்கு ஊத்தல. நீங்க முழுகுன்னு சொல்லி மருந்தும் குடுத்ததால, கலைக்கச் சொல்லிட்டீங்கன்னு கொதிக்கிறாங்க. அது என்ன மருந்து?"

"பூச்சி மருந்து. பேதிக்கும் சேர்த்து."

"எனக்கு அது தெரியாது, நீங்கதான் சொல்லணும். வயித்துப் பிள்ளைக்காரிக்கு அது ஆகுமா?"

எனக்குத் தெரியும். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு முழு மார்க் வாங்கியவள் நான். "ஆகாது" என்றேன்.

காளியம்மா ஓடினாள். நானும் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு பின்னால் ஓடினேன். அந்தப் பத்து அடி தூரத்தில் நான் வேண்டிக்கொண்டதுபோல் என் வாழ்நாளில் வேண்டிக்கொண்டதில்லை.

மூக்காயி புட்டியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். தக்கை திறக்கப்படவில்லை. பக்கத்தில் செல்லம்மா அழுதுகொண்டிருந்தாள். "கோயில் கோயிலா ஏறி வாங்குன வரம். நேத்து வந்தவ குடுத்தான்னு ஊத்திருவேனா?" என்று கத்தினார். நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

காளியம்மா புட்டியை வாங்கி மடியில் சொருகிக்கொண்டாள். "அத்த, இது என் தப்பு. மருந்துப் புட்டிய நான்தான் மாத்தி வச்சிட்டேன். சோப்பு செல்லம்மாவுக்கு இல்ல. பிள்ளைத்தாச்சியத் தொடுறவங்க சுத்தமா இருக்கணும்னு மிஸ்ஸி ஒங்களைத்தான் முழுகச் சொன்னாங்க."

"என்னையா? நான் காலையிலதான குளிச்சேன்!"

கூட்டம் சிரித்துவிட்டது. துப்பாக்கியோடு ஓடிவந்த மலாய்க் காவலர்கள் என்ன விஷயம் என்று கேட்க, யாரோ "சாபுன், சாபுன்" என்று சோப்பைத் தூக்கிக் காட்டினார்கள். அவர்களும் தலையைச் சொறிந்துகொண்டு போனார்கள். நான் அப்படியே தப்பித்திருக்கலாம்.

ஆனால் அவள் என் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு நின்றதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. வெட்கத்தில் காது எரிய எழுந்து நின்று, "காளியம்மா புட்டிய மாத்தல. தப்பு மருந்து குடுத்தது நான்தான். முழுகாம இருக்கான்னா என்னன்னு எனக்குத் தெரியாது" என்றேன்.

அப்புறம் எழுந்த சிரிப்பில் மேனேஜர் பங்களா நாய்கள் குரைத்தன. மூக்காயி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஐயோ பாவம், தாயில்லாப் புள்ள லா, யாரு சொல்லிக்குடுத்திருப்பா" என்று சொல்லிவிட்டு, சோப்பை மட்டும் திருப்பித் தராமல் போனார்.

எல்லாரும் போன பிறகுதான் காளியம்மாவுக்குக் கோபம் வந்தது. "என்னைய ஆயான்னு கூப்பிடுங்க, பேர்ல என்ன இருக்கு. ஆனா அந்த மேசைப் பக்கத்துலேருந்து ஏன் எழுப்புனீங்க? நான் அங்க இருந்திருந்தா செல்லம்மா இன்னிக்கு இப்படி அழுதிருப்பாளா?" என்றாள். அவளும் அழுதாள். முக்காலியை நானே தூக்கிக்கொண்டு வந்து போட்டேன். சுவரிலிருந்த காகிதத்தைக் கிழித்தேன்.

அதன்பிறகு மேசையில் இரண்டு பேர். அவர்கள் சொல்வதை அவள் எனக்குச் சொல்வாள். புட்டியில் எழுதியிருப்பதை நான் அவளுக்குப் படிக்கச் சொல்லிக்கொடுத்தேன். செல்லம்மாவுக்கு நல்லபடியாகப் பெண் குழந்தை பிறந்தது. கையில் வாங்கியவள் காளியம்மா. கத்திரிக்கோல் எடுத்துக் கொடுத்தவள் நான்.

ஆனால் மிஸ்ஸி இரண்டு பேரானதும் ஜனங்களுக்கு ஓர் இடைஞ்சல் வந்தது. யார் எந்த மிஸ்ஸி? அவள் 'காளி மிஸ்ஸி' ஆனாள். நான் 'முழுகாத மிஸ்ஸி' ஆனேன். கல்யாணமாகாத பெண்ணுக்கு இப்படி ஒரு பட்டம் என்ன செய்யும் என்று யாரும் யோசிக்கவில்லை. பழகிப் பழகி எனக்கும் காது மரத்துவிட்டது.

அடுத்த வருடம் ஜெராமிலிருந்து, வாத்தியார் வேலை பார்த்த தன் மூத்த மகனுக்காக என்னைப் பெண் பார்க்க ஓர் அம்மாள் வந்தார். பழத் தட்டோடு கேட்டில் இறங்கி, மிஸ்ஸியைப் பார்க்க வேண்டும் என்றிருக்கிறார். சோதனை போடும் பெண் கள்ளமில்லாமல், "யாரு, நம்ம முழுகாத மிஸ்ஸியா? உள்ளதான் இருக்காங்க, போங்க" என்றாளாம்.

அந்த அம்மாள் உள்ளே வரவில்லை. பழத் தட்டோடு திரும்பிப் பேருந்து நிற்கும் இடத்துக்கு நடந்தார். விஷயம் தெரிந்ததும் காளியம்மா டிரஸர் ஐயாவின் சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு, ஓட்டத் தெரியாமலே ஓட்டிப் போனாள். வழியில் அவரிடம் என்ன சொன்னாளோ தெரியாது. அரைமணி நேரத்தில் இரண்டு பேரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, மூச்சுவிட முடியாமல் சிரித்துக்கொண்டே வந்து சேர்ந்தார்கள்.

அப்படி வாய்த்த மாமியார் எனக்கு. கண்ணை மூடும்வரை, பாதிரியார் ஆனாலும் சரி, புதுச் சம்பந்தி ஆனாலும் சரி, என்னை அவர் அறிமுகப்படுத்தியது ஒரே மாதிரிதான்: "இது எங்க மூத்த மருமக. எங்க வீட்டுக்கு வரும்போதே முழுகாமத்தான் வந்தா."